தூளியில் கிடந்த குழவிக்கல்

வளைகாப்புப் பந்தி முடிவதற்குள்ளேயே என் நாயை எங்கே அனுப்புவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வந்தோமா, வளையல் போட்டோமா, சாப்பிட்டோமா என்று போக வேண்டியதுதானே? பெருங்குடியில் யாரோ ஒருவர் வீட்டைச் சுற்றி நிறைய இடம் வைத்திருக்கிறாராம், காவலுக்கு நாய் தேடுகிறாராம். கை நிறைய வளையலோடு நான் உட்கார்ந்திருக்கிறேன், என் காதுபடவே பேசுகிறார்கள்.

கோபாலபுரத்தில் ஒரு மழை நாளில், காருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி மந்தைவெளி வீட்டுக்குத் தூக்கி வந்தவள் நான். நான்கு வருடமாக என் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறான். ஆள் கொஞ்சம் முரடு, ஒப்புக்கொள்கிறேன். யார் வந்தாலும் முன்னங்கால் இரண்டையும் அவர்கள் மேல் தூக்கிப் போட்டுத்தான் வரவேற்பான். அதற்காக ஊரார் வீட்டுக்கு அனுப்பிவிடுவதா?

அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் என் மாமியார். நான் ஆபீஸ் போன பிறகு பிள்ளையும் நாயும் அவரும்தான் வீட்டில். தான் அந்தப் பக்கம் திரும்பும்போது அவன் பிள்ளைமேல் பாய்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். பாயாமல் பழக்கிக் காட்டுகிறேன் என்றேன். அவரும் விடவில்லை. பிள்ளை வீட்டுக்கு வரும் நாளில், அது அழும்போது அவன் தன் இடத்தைவிட்டு எழுந்தால், அன்று சாயங்காலமே பெருங்குடி. சரி என்று சொல்லிவிட்டேன். ரோஷம், வேறென்ன?

மறுநாளே ஹால் கொக்கியில் பழைய நூல் புடவையால் தூளி கட்டினேன். தூளி ஆடும்போது அவன் கிட்டே வரக் கூடாது, அதுதான் முதல் பாடம். ஆனால் வெறும் தூளியை ஆட்டக் கூடாது என்று மாமியார் வந்து நின்றார். நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு நம்பாமல் இருக்கவும் தைரியம் வரவில்லை. தொட்டில் போடுகிற அன்று பிள்ளைக்கு முன்னால் அம்மிக் குழவியைத்தானே கிடத்துகிறோம்? மிக்ஸி வந்ததிலிருந்து அது சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கழுவித் துடைத்து, துணி சுற்றித் தூளியில் போட்டேன். பக்கத்தில் என் போன். அதில் கீழ் வீட்டுக் குழந்தை அழுத சத்தம் ஓடும்.

முதல் நாள் ஊளையிட்டான். தூளியில் காலைப் போட்டு இழுத்ததில் குழவி உருண்டு விழுந்தது, நூலிழையில் அவன் பாதம் தப்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பால்கனிக் கதவோரம் ஒரு கோணி விரித்து, அழுகை கேட்டால் அதில் போய் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ஒரு தேங்காய்ப் பத்தை என்று வைத்தேன். காலையில் தரமணிக்கு ஆபீஸ் பஸ் பிடிப்பதற்கு முன்பு ஒரு தடவை, மாலையில் வந்து இரண்டு தடவை.

தேங்காய் கொண்டு வரச் சொல்லி ஹாலிலிருந்து மாமியாரைக் கூப்பிடுவேன். பதிலே வராது. மூன்று தடவை கத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்து போனால், அப்போதுதான் என்னைப் பார்த்த மாதிரி திரும்புவார். வேண்டுமென்றே செய்கிறார் என்று பொருமினேன். டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பதும் என்னை வெறுப்பேற்றத்தான் என்று கணவரிடம் தினமும் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தேன்.

ஒன்பதாம் மாதம் நான் அடையாறில் அம்மா வீட்டுக்குப் போனபோது, அழுகை கேட்டால் கோணியைவிட்டு அசையாமல் இருக்கும் அளவுக்கு அவன் தேறியிருந்தான். பெண் பிறந்தாள். தீட்டுக் கழிந்த பிறகு அவள் உடுத்திய துணியைக் கணவர் எடுத்துப் போய் அவனுக்கு மோப்பம் காட்டினார். பழக்குவதை விட்டுவிடாதீர்கள் என்று நான் போனில் நச்சரித்ததற்கெல்லாம் அவரிடமிருந்து ஒரு "ம்" தான். மாமியார் மட்டும், பேத்தி அழுகிற சத்தத்தைப் பதிந்து அனுப்பச் சொல்லிக் கேட்டார். பாசம் போலிருக்கிறது என்று அனுப்பினேன்.

மூன்றாம் மாதம் ஆரத்தி சுற்றி உள்ளே வந்தோம். அவன் வாலை ஆட்டி, என் காலை முகர்ந்து, நான் சொன்னதும் கோணியில் போய் உட்கார்ந்தான். பெண்ணைத் தூளியில் போட்டேன். மாமியார் பால் காய்ச்சச் சமையலறைக்குப் போனார். குக்கர் விசில் வந்தது, அந்தச் சத்தத்தில் பெண் வீரிட்டு அழுதாள்.

அவன் எழுந்துவிட்டான்.

இரு என்றேன், இருக்கவில்லை. ஆனால் அவன் தூளிப் பக்கமே திரும்பாமல் நேராகச் சமையலறைக்கு ஓடினான். கணவர் பெண்ணைத் தூக்கப் போக, நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன். அங்கே அடுப்பைப் பார்த்து நின்ற மாமியாரின் முந்தானையை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தான். அவர் குனிந்து பார்த்தார், அடுப்பை அணைத்தார், மேடையில் தயாராக இருந்த டப்பாவிலிருந்து ஒரு தேங்காய்ப் பத்தை எடுத்து அவனுக்குப் போட்டார். திரும்பியபோது வாசலில் நான், கையில் சங்கிலியோடு.

"நான்தாம்மா பழக்கினேன்," என்றார். "அடுப்படியில நின்னா எனக்கு ஒண்ணும் காதுல விழறதில்ல. ரெண்டு வருஷமாச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, பிள்ளைய என்கிட்ட விட்டுட்டு ஆபீஸ் போவியா நீ?"

போயிருக்க மாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்று மாதமாகத் தூளியில் குழவியையும் தன் போனையும் வைத்துவிட்டு, தனக்குச் சரியாகக் கேட்காத அழுகைக்கு அவனைப் பழக்கியிருக்கிறார். நானோ அந்த முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவர் பாலை ஆற்றத் திரும்பிக்கொண்டார். அவன் எழுந்துவிட்டானே, அப்போ பெருங்குடியா என்று ஹாலிலிருந்து கணவர் கேட்டார். மாமியாருக்கு அது கேட்கவில்லை.

சங்கிலியை ஆணியில் மாட்டினேன். அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னேன்.

"அத்தை, அவன் எங்கயும் போகல."