ஹரிபாபுவின் கார் மார்ப்பிடி

சின்னப்பனைக் காரிலிருந்து இறக்குவதற்கு ஒரு முறை இருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழு மணிக்குத் திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு நிற ஜெர்மன் கார் ஒன்று வந்து நிற்கும். இரண்டே சீட். சீட் தரையிலிருந்து முக்கால் முழம் உயரம்தான் இருக்கும். ஓட்டிவந்த மகன் ஹரிபாபு சுற்றி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதலில் நைனாவின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து வெளியே திருப்புவான். பிறகு வலது அக்குளில் ஒரு கை, இடுப்பு வேட்டி முடிச்சில் ஒரு கை. இடது கையை மட்டும் தொடவே கூடாது. அதில்தான் டயாலிசிஸ் ஊசி ஏற்றும் நரம்பு இருந்தது. மூன்று எண்ணி ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். இந்த முறை படிவதற்குப் பதினொரு வாரம் ஆயிற்று. அதற்குள் ஹரிபாபுவின் இடுப்பில் பெல்ட் ஏறியிருந்தது.

"பக்கத்துலயே புத்தூர வச்சிக்கினு எதுக்குப்பா பெல்ட்டு? ஒரு கட்டு போட்டுக்கினு வா" என்று ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கேட்பான். தினமும் இதே பேச்சுதான். ஹரிபாபுவும் தினமும் சிரித்து வைப்பான்.

இந்த ஹரிபாபு நாராயணவனத்துக்குப் பக்கத்தில் நாற்பது வீடுள்ள தெருவில் பிறந்தவன். சின்னப்பனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத காலம் அது. மாந்தோப்புக்குக் காவல் இருந்தார், கிணறு வெட்டப் போனார். பட்டா கொடுத்து ஒரு ஏக்கர் கைக்கு வந்தபோது ஹரிபாபு ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பத்தாவதில் பள்ளிக்கே முதலாக வந்தான். திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவனையெல்லாம் கப்பலேற்றாத குறையாக அனுப்பிக்கொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம் அமெரிக்கா போனான். அந்தத் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவன்தான். பதினோரு வருஷம் கழித்துப் பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்தான். அவனுக்கும் மனைவி ஹரிதாவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஒரே ஒரு ஆசை உண்டு. வேகமாகப் போகிற கார். நாற்பதாவது வயதில், தன்னோடு வேலை பார்த்த ஒருவன் நாட்டை விட்டுப் போகும்போது விற்ற இந்தச் சிவப்புக் காரை வாங்கினான்.

சின்னப்பனுக்கு எழுபத்தொன்றாவது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, ஹரிபாபு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு தான் மட்டும் ஊருக்கு வந்தான். முதல் மாதம் வாடகைக் கார்தான். உயரமான, சௌகரியமான கார். வழியில் வடமாலப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினால், தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரும் குனிந்து ஜன்னல் வழியே பார்ப்பார்கள். கிட்னியா? ரெண்டுமா? டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்கிறார்? ஐந்தாவது வாரம் சின்னப்பன் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு தடவை போகவில்லை. உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு வாங்கி, கடைசியில் அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அன்று வேறு வண்டி கிடைக்காமல் சிவப்புக் காரில்தான் போனார்கள்.

வடமாலப்பேட்டை வேகத்தடையில் கார் ஊர்ந்தபோது டீக்கடை ஜெயம்மா ஓடி வந்து குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வி வேறாக இருந்தது.

"இது இன்னா ஸ்பீடு போவும் மாமா?"

சின்னப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே, "எரநூத்தம்பது" என்றார். அதற்குப் பிறகு வேறு வண்டியில் ஏற அவர் சம்மதிக்கவில்லை. இந்தக் காரில் போனால் வழியில் ஒருவரும் வியாதியைக் கேட்பதில்லை, காரைக் கேட்டார்கள். ஹரிபாபுவுக்கு அது புரிந்தது. புரிந்ததனால்தான் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு தூக்கினான்.

ஆனால் அலுத்துப்போயிருந்தான். காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். நைனா உள்ளே படுத்திருக்கும் நாலு மணி நேரமும் ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்க்க வேண்டும். வழி நெடுக வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் காரின் அடிவயிறு உரசும். உரசும்போதெல்லாம் சின்னப்பன் இடது கையை மார்போடு அணைத்துக்கொள்வார். இருநூற்றைம்பது போகிற காரை ஹரிபாபு ஐந்து மாதமாக நாற்பதில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் யஸ்வந்த் போன் செய்தான். பெங்களூரில் பழைய வெளிநாட்டுக் கார்கள் வாங்கி விற்பவன். சொந்த ஊர் சித்தூர். மற்ற வியாபாரிகளெல்லாம் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்கிற இடத்தில் இவன் மட்டும் சுத்தத் தெலுங்கில் மார்ப்பிடி என்பான். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொள்வதுதான் மார்ப்பிடி. அவனோடு பேசிப் பேசி ஹரிபாபுவுக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது.

யஸ்வந்திடம் ஒரு இத்தாலிக் கார் வந்திருந்தது. சிவப்புக் காரைவிடச் சக்தி அதிகம், வேகம் அதிகம். ஒரு பட்டனை அழுத்தினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வேகத்தடையில் உரசாது. சீட்டும் நான்கு அங்குலம் கூடுதல் உயரம். அந்த நான்கு அங்குலத்தைக் கேட்டதும் ஹரிபாபுவின் இடுப்பு நிமிர்ந்தது. ஆனால் அவன் தன்னிடம் பொய் சொல்லிக்கொள்கிறவன் இல்லை. நான்கு அங்குலம் நைனாவுக்கு, பாக்கியெல்லாம் தனக்கு என்று அவனுக்குத் தெரியும். நின்ற இடத்திலிருந்து நாலு நொடிக்குள் நூறைத் தொடுகிற வண்டி. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அதன் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். சிவப்புக் காரின் சத்தம் அவனுக்குப் பழகிய சத்தம். புதியது எப்படி இருக்குமோ? மாற்றலாமா, வேண்டாமா என்று பதினைந்து நாள் ஓடியது. தினமும் வீட்டுக் கூடத்தில் உலாவிக்கொண்டே யஸ்வந்தோடு பேசினான். பக்கத்து அறையில் சின்னப்பன் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார்.

பதினாறாம் நாள் திங்கட்கிழமை. சின்னப்பன் எழுந்திருக்கவில்லை.

"நா வர்ல" என்றார்.

ஏன் என்று கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவருக்குக் கால் மடங்கி, நாலு பேர் பார்க்க உட்கார்ந்துவிட்டார். அந்த வெட்கம்தான் காரணம் என்று ஹரிபாபு நினைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து, வேறு ஏற்பாடு பண்ணிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னான். அதைக் கேட்டதும் சின்னப்பன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமையும் போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அம்சவேணி, நைனாவின் எடையையும் அவர் குடிக்கும் தண்ணீரையும் தினமும் நோட்டில் எழுதுகிறவள். வியாழக்கிழமை காலை நோட்டை விரித்துத் தம்பியிடம் நீட்டினாள். நாலு கிலோ ஏறியிருந்தது. பாதத்தில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இன்னும் ஒரு தடவை தவறினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் வாய் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஹரிபாபு முடிவு செய்துவிட்டான். மாற்றிவிடுவது. அன்றே பெங்களூர் போய் இத்தாலிக் காரை எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் திரும்பிவிடுவது. நான்கு அங்குலம் கூடுதல் உயரத்தில் உட்கார வைத்தால் நைனா வருவார். கட்டிலருகே போய்ச் சொன்னான்:

"நைனா, நா பெங்களூருக்குப் போறேன். இன்னிக்கே முடிச்சிக்கினு வந்துடறேன். அப்பறம் ஒனக்குக் கஷ்டமே கெடையாது."

சின்னப்பன் போர்வையை விலக்கிவிட்டு மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். வீங்கிய கையில் பலம் இல்லை. ஆனாலும் விடவில்லை.

"போவாத. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு இருக்கிற. எனக்கு இன்னா வயசு? எனக்குக் குடுத்துட்டு நீ இன்னாடா பண்ணுவ?"

"இன்னாத்தக் குடுக்கறேன்?"

"மூடி மறைக்காத. மார்ப்பிடி, மார்ப்பிடின்னு பதினஞ்சி நாளா போன்ல பேசிக்கினே இருந்தியே, எனக்குக் காது இல்லயா? என்னோடது நல்லாத்தான் இருக்குது, டெஸ்ட் பண்ணிக்கோங்கன்ன. நைனாவுக்குப் பொருந்தணும், அதான் முக்கியம்ன. ஹரிதாவுக்கு இன்னும் சொல்லலன்ன." மூச்சு வாங்க நிறுத்தினார். "அந்தப் பொண்ணு வந்து என்னக் கேட்டா நா இன்னா சொல்றது? நா ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான அறுப்பாங்க? போவ மாட்டேன்."

ஹரிபாபுவுக்கு அப்போதுதான் விளங்கியது. டயாலிசிஸ் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொள்ளும் பெரிய பேச்சே கிட்னி மார்ப்பிடிதான். யாருக்கு யார் கொடுத்தார்கள், எது பொருந்தியது, எது பொருந்தவில்லை. வாரத்தில் மூன்று நாள் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த மனிதர் வீட்டிலும் அதையே கேட்டிருக்கிறார்.

வாசற்படியில் சொம்போடு நின்றிருந்த அம்சவேணி அதைக் கீழே வைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று ஹரிபாபுவுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு சொன்னான்:

"காரு நைனா. கார் மார்ப்பிடி. இந்தக் கார குடுத்துட்டு வேற காரு வாங்கலாம்னு."

சின்னப்பன் மகனின் மணிக்கட்டை விட்டார்.

"காரா?"

"ஆமா. சீட்டு கொஞ்சம் ஒயரம். ஒனக்குப் பொருந்துமான்னுதான் கேட்டேன்."

சின்னப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. அம்சவேணி முதுகைத் தடவிக் கொடுத்தாள். "நாலு நாளா சாவறதுக்கு ரெடியாய்க்கினு இருந்தேன்டா, ஒரு காருக்கோசரம்" என்றார். பிறகு கையை நீட்டினார். "தூக்கு, போலாம்."

அவர் திட்டியிருந்தால் ஹரிபாபுவுக்கு எளிதாக இருந்திருக்கும். சிவப்புக் காரில் உட்கார வைத்து ஓட்டினான். வேகத்தடைகளில் ஏற்றி இறக்கும்போது ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. நைனா அவனை எப்படிப்பட்டவன் என்று நினைத்திருக்கிறார்! உடம்பை அறுத்துக் கொடுக்கக் கிளம்பிவிட்டான் மகன் என்று நம்பி, அதைத் தடுக்கத் தன் உயிரையே விடத் துணிந்திருக்கிறார். அந்தப் பதினைந்து நாளும் அவன் யோசித்தது நாலு நொடியைப் பற்றி. கொடுக்கலாமா என்ற யோசனை இந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட அவனுக்கு வந்ததில்லை. வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால்கூட ஒரு கணக்கு. யோசிக்கவே இல்லை.

முறை நாள் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு ஹரிபாபு டாக்டர் தாட்சாயணியின் அறைக்குப் போனான். தன் சிறுநீரகம் ஒன்றை நைனாவுக்கு வைக்க முடியுமா என்று தெலுங்கில் கேட்டான். அந்த அம்மாள் ஃபைலைப் புரட்டி, முதல் மாதத்துக் காகிதம் ஒன்றைக் காட்டினார். சின்னப்பனுடைய இருதயம் பலவீனம். அவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்காது, யார் கொடுத்தாலும் செய்ய முடியாது என்று அப்போதே எழுதி வைத்திருந்தார்கள்.

"நீங்க கேக்கவே இல்லயே" என்றார் டாக்டர். குறையாகச் சொல்லவில்லை, ஆனாலும் சொன்னார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அது எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்பதையும் கவனித்தான். சந்தோஷப்படவும் அழவும் தெம்பு இல்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

யஸ்வந்த் போன் செய்தான். வண்டியைக் கழுவி வைத்திருப்பதாகச் சொல்லி, எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டான். வரவில்லை என்றான் ஹரிபாபு. விலை ஒத்துவரவில்லையா, இன்னும் குறைக்கலாமே என்றான் அவன். விலை இல்லை, இன்னொரு வண்டியில் ஏற்றி இறக்க முதலிலிருந்து பழக வேண்டும், அதற்குத் தன்னிடம் தெம்பு இல்லை என்று ஹரிபாபு சொன்னான். அது முழுக்க உண்மை. யஸ்வந்துக்குப் புரியவில்லை. சரி சார் என்று வைத்துவிட்டான்.

நாலு மணி நேரம் கழித்துச் சின்னப்பனைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். முகத்து வீக்கம் வடிந்து, கண் தெளிந்திருந்தது. காரருகே வந்ததும் ஹரிபாபு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தான்.

"அந்தப் புதுக் காரு இன்னா கலருடா?" என்று கேட்டார் சின்னப்பன்.

"சாம்பல் கலரு."

"சாம்பலா?" சின்னப்பன் மகனின் கழுத்தில் வலது கையைப் போட்டுக்கொண்டார். "அதுக்கு இப்ப இன்னா அவசரம்? இன்னும் கொஞ்ச நாளு போவட்டும்."

ஹரிபாபு சிரிக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் தூக்கினான்.