முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு குளவிக்கூடு

என் பூச்சிப் புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவியே வேலைக்காலம் முடிந்தது. அங்கே காதில் விழுந்ததையும் வீட்டைச் சுற்றிக் கண்ணில் பட்டதையும் வைத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அந்தக் குளவி அத்தியாயத்தைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். கூட்டுக்குள் நடப்பதை நான் கண்ணால் பார்த்து எழுதவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கூடு வீட்டிலேயே இருந்தது. சாமி அறையில் முருகன் படத்துக்குப் பின்னால், குளத்துக் கரம்பை மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து ஒரு குளவி கட்டி, வாயை அடைத்துவிட்டுப் போயிருந்தது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை உண்டாகும் என்பார்கள் எங்கள் பக்கம். செம்மண் என்றால் பெண், கரிய மண் என்றால் ஆண். இது கரிய மண்.

மருமகள் வந்து ஆறு வருடம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வருடத்துக்கு ஒரு மாதம் வருவான். அதை யாரும் பேசுவதில்லை. என் மனைவி அவளைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்காரவைத்தே பேசுவாள். தெருநாய் கூட வருடத்துக்கு ஆறு போடுது என்பாள். இந்த முறை மகன் வந்து போன பத்தாம் நாள் கூடு வந்தது. அன்றிலிருந்து பேச்சு நின்றது. மருமகளைக் குடம் தூக்க விடவில்லை. இரவில் ஒரு தம்ளர் பால் வைத்தாள். மருமகள் விளக்கேற்றும்போது படத்தை லேசாக நகர்த்திக் கூட்டைப் பார்ப்பாள், அப்புறம்தான் சாமியைக் கும்பிடுவாள். எல்லாம் எனக்குத் தெரியும்.

கிருத்திகையன்று மாமியாரும் மருமகளும் சேர்ந்து விராலிமலைக்குப் பஸ் ஏறினார்கள். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படத்தை இறக்கி, பேனாக்கத்தியால் கூட்டைப் பிளந்தேன்.

உள்ளே ஏழெட்டுச் சிலந்திகள். செத்தவை அல்ல. தொட்டால் கால் நுனி மட்டும் துடித்தது. ஒன்றின் வயிற்றில் வாயை வைத்து வெள்ளைப் புழு ஒன்று தின்றுகொண்டிருந்தது. உடனே உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். எழுதிய சந்தோஷத்தில் மண்ணைக் கூட்டி அள்ள மறந்துபோனேன்.

நெற்றி நிறையத் திருநீறோடு வந்த மருமகள் தரையைப் பார்த்தாள். அழவில்லை. உட்கார்ந்து மண்ணைக் கையாலேயே அள்ளினாள்.

“உள்ள உசுரோடவா மாமா இருந்துச்சு?”

“உசுரு இருக்கும் ஆத்தா. அசையத்தான் முடியாது.”

“அப்ப, தன்னையத் திங்கிறது அதுக்குத் தெரியும்ல?”

நான் முருகன் படத்தை எடுத்துத் திரும்ப மாட்டினேன். மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாம் நாள் மருமகள் வீட்டுக்குத் தூரமானாள். பின்கட்டில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் மனைவி தட்டைத் தரையோடு தள்ளினாள்.

“குளவி கட்டுன கூடே இவ இருக்கிற வீட்டுல தங்கல. இவ வயித்துலயா தங்கப்போவுது?”

உடைத்தவன் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மருமகள் என் பக்கம் திரும்பினாள். நான் தாளில் குனிந்துகொண்டேன். கூட்டுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் படிப்பார்கள். வீட்டில் அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

பால் அன்றோடு நின்றது.