பக்தாதில் அட்டை கடித்த கதை

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் காப்பி வாங்கி விற்ற ஹபீலுக்கு இரண்டு பித்துகள் இருந்தன. யார் மூட்டையை அவிழ்த்தாலும் ஒரு பிடி கொட்டையை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்ப்பான். நன்றாகக் காய்ந்த கொட்டை சிரிக்கும் என்பான். அது ஒன்று. மற்றது கதை. முதல் பித்து அவனுக்குச் சோறு போட்டது, இரண்டாவது அந்தச் சோற்றை ஆறவைத்தது.

இலையில் மஞ்சள் துரு விழுந்து மலைக் காப்பியெல்லாம் பட்டுக்கொண்டிருந்த காலம் அது. மகாவலிப் பாலத்தடியில் காப்பி வண்டிகள் குறைந்துவிட்டன. வேறொருவனாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். இவன் எழுத உட்கார்ந்தான். அச்சில் ஏறக்கூடிய பெரிய கதை ஒன்று எழுதிவிட வேண்டும் என்று ஆசை.

கதை நடக்கும் ஊர் எது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கதை என்றால் பக்தாதுதான். கருவாடும் வெங்காயமும் விற்கிற ஊரில் எந்தப் பெண்ணாவது கதாநாயகியாக நின்று கண்ணீர் விடுவாளா? அதற்கு மாடம் வேண்டும், மாடத்தின் கீழே தஜ்லா நதி ஓட வேண்டும்.

பக்தாதுக்குப் போக இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

அவன் தங்கை றம்லத்துக்கு நிக்காஹ் வைத்திருந்த நாளில், மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு எட்டின தூரம் வரை வந்தார்கள். வழியோரம் இவர்களுடைய காப்பிக் காணி பட்டுப்போய் நிற்பதைக் கண்டார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். காணிக்காகத் திரும்பினோம் என்று சொல்ல வெட்கம். அதனால் பெண்ணில் குறை என்று மறுநாள் ஆள் விட்டுச் சொன்னார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. அன்றிலிருந்து றம்லத் முன்வாசல் திரையைத் தாண்டி வரவில்லை.

ஹபீலுக்கு அது நெஞ்சில் தைத்த முள். நடந்ததைச் சொல்லவும் வேண்டும், தங்கையை ஊர் மறுபடி மெல்லவும் கூடாது. ஆகவே அவளைப் பக்தாத் வணிகனின் மகளாக்கி, அவள் துயரத்தை ஒட்டகத்தில் ஏற்றி அனுப்பினான்.

எழுதியது அரபுத்தமிழில். தமிழ்தான்; எழுத்து மட்டும் குர்ஆன் எழுத்து. அந்த எழுத்து தெரியாத சிநேகிதன் மயில்வாகனத்துக்கு அவனே வாசித்துக் காட்டினான். மயில்வாகனம் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கந்தோருக்கு எழுத்து வேலைக்கு வந்தவன். கதாநாயகி அழுதுகொண்டே நதிக்கரையில் நடக்கிறாள், காலில் அட்டை ஏறிவிடுகிறது என்ற இடத்தில் அவன் கையை உயர்த்தினான்.

"கொஞ்சம் நில்லுங்கோ. பக்தாத்திலை அட்டை இருக்கோ?"

"மழை பேஞ்சா வருந்தானே."

"அது மணல் பூமியெல்லோ. அங்கை மழைக்கு எங்கை போறது?"

ஹபீல் திடுக்கிட்டு முதலிலிருந்து புரட்டினான். கலீபாவின் குதிரைக்காரன் கித்துள் மரத்துப் பாணி தொட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அரண்மனைக் கூரையில் பலாப்பழம் விழுந்தது. விடிகாலைப் பனிமூட்டத்தில் பள்ளிவாசல் மினாரா தெரியவில்லை. தான் அனுப்பிய ஒட்டக மூட்டைக்குள் கட்டுகஸ்தோட்டை முழுவதும் ஒளிந்துகொண்டு போயிருப்பது அப்போதுதான் விளங்கியது. அவனுக்கு வெட்கத்தைவிட ஆச்சரியமே பெரிதாக இருந்தது. காணாத ஊரை எழுதப்போனால் கண்ட ஊர் ஏன் கூடவே வருகிறது?

கொழும்புக்கு மாற்றிப் பார்த்தான். அங்கே கப்பலில் ஏறும் வழி கூட அவனுக்குத் தெரியவில்லை. மலைமேல் கலஹா காப்பித் தோட்டத்தில் வைத்துப் பார்த்தான். வணிகன் மகளுக்கு அங்கே என்ன வேலை என்று கதையே கேட்டது. கண்டிக் குளக்கரையும் சரிவரவில்லை. பாலத்தில் நின்று மகாவலியைப் பார்த்தபோதெல்லாம் கதை தானாக வந்து பக்கத்தில் நின்றது. இவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இங்கே வைத்து எழுதினால் அவள் யார் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்துவிடுமே.

கடைசியில் பக்தாதையே வைத்துக்கொண்டு அட்டை, பலா, பாணி, பனி எல்லாவற்றையும் களைந்தான். மயில்வாகனம் பொறுமையாகக் கேட்டு முடித்தான்.

"இப்ப பிழை ஒண்டும் இல்லை. கதையுந்தான் இல்லை."

ஹபீல் கோபித்துக்கொண்டு தாள்களை வீட்டு அலுமாரி மேல் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். வீட்டில் குர்ஆன் ஓதத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது அவன் நினைவில் இல்லை.

பகல் சோற்றுக்கு வந்த அண்ணன் முன்னால் றம்லத் கறிக்கோப்பையை வைத்தாள்.

"காக்கா, அன்டைக்கு நெய்ச்சோத்து சஹன ஒட்டகக்காரனுக்கா குடுத்த?"

ஹபீலின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கல்யாண விருந்துக்குப் பரிமாறி வைத்த பெரிய சஹன் தட்டுகளை, தின்ன ஆளில்லாமல், பாலத்தடி வண்டிக்காரர்களுக்குச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்த நாள் அது. கதையிலிருந்து அட்டையைக் களைந்தவன் அந்தச் சோற்றைக் களைய மறந்துவிட்டான்.

"அது வேற பொண்ணும்மா."

"வேற பொண்ணுக்கு ஏன் என்ட சோத்தப் போட்டீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒனக்காகத்தான் அவ்வளவு தூரம் கொண்டு போன. இங்க வச்சி எழுதினா ஊருக்கே வெளங்கிடும்."

"என்னப் பத்திக் கதச்சது பக்தாத் ஆக்களா? இந்த ஊரு ஆக்கள்தானே. அவங்களுக்கு வெளங்கத்தான் வேணும்." அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பேர மாத்துங்க காக்கா. ஊர மாத்த வேணாம்."

ஹபீலுக்குப் பயமாக இருந்தது. கடைக்கு வருகிறவர்கள், பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர்கள், எல்லாருடைய முகமும் கண்முன் வந்துபோனது. ஆனால் கதைப்பித்து பிடித்தவன் புத்தி அப்படிப்பட்டது. பயத்துக்கு நடுவிலும் அது ஒரு கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டது.

"வண்டிய எந்த எடத்துல திருப்பின? நான் பின்னால அடுப்படியில நின்ட. எனக்குத் தெரியாது."

றம்லத் ஜன்னலில் நின்று பார்த்தவள். சொல்ல வாயெடுத்தாள், சொல்லால் காட்ட முடியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வாசல் திரையை விலக்கினாள். படி இறங்கினாள். நல்ல வெயிலில், தெரு பார்க்க, ரோட்டோரம் போய் நின்று கையை நீட்டினாள்.

"அந்தப் பலா மரம் ஈக்கே, அதுக்கு இங்கால. மாடு திரும்பல்ல. நம்மட வாசலத்தான் பாத்துட்டு நின்ட. அடிச்சித்தான் திருப்பின."

எச்சில் கையோடு பின்னால் ஓடிவந்த ஹபீல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாடு என்ன நெறம்?"

"ஒன்டு வெள்ள. மத்தது செவல."

எதிர்க்கடையில் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். றம்லத் உள்ளே போக அவசரப்படவில்லை.