ஷாஃப்ஹவுசனில் சுவா நகரைக் காட்டியவர்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பசிபிக் கடலில், பீஜித் தீவின் தலைநகரான சுவாவுக்குப் போய்வந்ததாக சுவிஸில் நாங்கள் இருக்கிற ஷாஃப்ஹவுசன் ஊர்த் தமிழ்ச்சனத்தில் பாதிப்பேரிடம் அளந்திருக்கிறேன். நான் போனதில்லை. கல்யாண வீடுகளில் நான் விட்ட அவ்வளவு கதையும், என்னோடு வேலை செய்த பீஜிக்காரர் ஜோனே அண்ணையுடையது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில், அவர் நிற்கிற பக்கம் பார்த்து, "என்னண்ணை, ராசா இண்டைக்கு நித்திரையோ?" என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தேன். அங்கே ஆள் இல்லை. மேற்பார்வையாளர் வந்து, அண்ணை சனிக்கிழமை வீட்டில் மாரடைப்பில் போய்விட்டார் என்றார். மடித்து வைத்த துவாயை நான் மறுபடி விரித்து மடித்தேன். வேறென்ன செய்வது?

இதை வாசிக்கிற ஊர்ச்சனத்தில் அங்கே வேலை செய்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். வேலை முடிந்தால் எங்கள் சாரம் போன்ற சுலுவைக் கட்டிக்கொண்டு, பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்பார். சுவிஸ்காரி ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். அந்த மனிசியும் செத்துப்போனபிறகு, அவருடைய மொழி பேச இந்த ஊரில் ஒரு சீவன் இல்லை. அவருடையதும் உடைந்த ஜெர்மன், என்னுடையதும் உடைந்த ஜெர்மன். அதனால் நன்றாக விளங்கியது. எனக்கு அது தமிழாகத்தான் நினைவிருக்கிறது.

சுவாவில் அவர் உல்லாசப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்டியவர். இங்கே சுற்றிக்காட்ட அந்த ஊரும் இல்லை, ஆட்களும் இல்லை. ஒருநாள் என்னை ஷாஃப்ஹவுசன் ஸ்டேஷனுக்கு முன்னால் நிறுத்தி, இந்த ஊரையே சுவா என்று வைத்துக் காட்டத் தொடங்கினார்.

"இது சந்தை. மேல்மாடியிலை யங்கோனா வேர் விக்கிறவை. இடிச்சு, தண்ணியிலை கரைச்சு, எல்லாரும் சுத்தி இருந்து குடிக்கிறது."

பிறகு கோட்டை மேட்டில் ஏறி, "இது மியூசியம். உள்ளுக்கை இரட்டை வள்ளம் கிடக்கு" என்றார். அங்கே, பழைய காலத்தில் ஒரு மலைக்கிராமத்துச் சனம் கொன்று தின்ற பாதிரியாரின் சப்பாத்து அடியும் இருக்கிறதாம்.

"பாதிரியாரைத் திண்டவை, சப்பாத்தை ஏனண்ணை விட்டவை?"

"அவிச்சுப் பாத்தவை. அவியேல்லை."

நான் சிரித்துச் சிரித்துப் படியில் இருந்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் பழக்கிவிட்ட சொல்லால் கூப்பிட்டார்: "தங்கச்சி, பிறகு அந்த ஊர்ப் பேரப்பிள்ளையள், பாதிரியாரின்ரை சொந்தக்காரரைக் கூப்பிட்டு, நிலத்திலை குந்தியிருந்து, எங்கடை முறைப்படி திமிங்கிலப் பல்லுக் குடுத்து மன்னிப்புக் கேட்டவை. அதையும் சேர்த்துச் சொல்லு."

கல்யாண வீடுகளில் நான் அதைச் சேர்த்துச் சொன்னதேயில்லை.

போன மாரியில் ஒரு ஞாயிறு, சலவைக்கூடத்துத் தமிழர் எங்கள் ஐந்து பேரையும் வீட்டுக்கு அழைத்தார். "பாய் விரிச்சு வைப்பன். யங்கோனா கரைப்பம், வாங்கோ." எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வாய் வராது. "ஓம் அண்ணை, கட்டாயம் வாறம்" என்றோம். மற்ற நாலு பேரும் போவார்கள்தானே என்று ஒவ்வொருவரும் வீட்டில் இருந்துவிட்டோம்.

திங்கட்கிழமை கேட்டேன்: "மற்றவை வந்தவையோ?"

"இல்லை. பாயை இன்னும் மடிக்கேல்லை. வழி தெரியாமல் நிண்டிருப்பியள்."

பேசாமல் இருந்திருக்கலாம். நான், "ஊர் சுத்திக்காட்டிறவர், உங்கடை வீட்டைக் காட்டாமல் விட்டிட்டியளே!" என்று பகிடி விட்டேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஒருவரையும் கூப்பிடவில்லை.

செத்தவீட்டில் நாங்கள் ஐந்து பேரும், ஒரு போதகரும். அடுத்த நாள் மத்தியானம் கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்வார்ட்டிடம் கேட்டுக் கதவைத் திறப்பித்து, ஜோனே அண்ணை வீட்டுக்குள் போனேன். பாய் விரித்தபடியே கிடந்தது. அதில் தூசி இல்லை, நாளாந்தம் கூட்டியிருக்கிறார். திமிங்கிலப் பல்லுக்கு ஷாஃப்ஹவுசனில் நான் எங்கே போவேன்? சுட்டுக்கொண்டு போன வடையை இரண்டு கையாலும் ஏந்தி, பாயில் இருந்து, "அண்ணை, பிழை விட்டிட்டன்" என்றேன். அந்த அறையில் எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். போகாத இடத்துக்கு இப்போது "வரமாட்டன்" என்றே சொல்கிறேன். இரண்டு வீட்டார் என்னோடு கதைப்பதில்லை.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் பாயில் இருந்தபோது, ஹவுஸ்வார்ட் வாசலில் நின்று, உள்ளே யாராவது உண்டோ என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கும்போது நடுவில் வேறு கதை கதைக்கக்கூடாது என்று நான் வாய் திறக்கவில்லை. அவர் வெளியால் பூட்டிக்கொண்டு போனார். என் கைத்தொலைபேசி வேலையிடத்தில் இருந்தது. ஹவுஸ்வார்ட் திரும்பி வந்து திறக்கும்வரை, பின்னேரம் ஐந்தரை வரைக்கும், நான் ஜோனே அண்ணை வீட்டில் இருந்தேன்.