கோயில் இல்லாத ஊர்

தில்லையம்பலத்துக்கு மரம், இலை, இயற்கை என்று எதிலும் ஒருநாளும் நாட்டம் இருந்ததில்லை. கனடாவில், டோர்செட் பார்க்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் பல்கனிக்கு நேர் எதிரே ஒரு மேப்பிள் மரம் நின்றது. வருஷா வருஷம் அது சிவந்து, பழுத்து, கொட்டி முடியும். அதைப் பார்த்து அவர் சொன்னதெல்லாம், கார்க் கண்ணாடி முழுக்கக் குப்பை என்பதுதான். அப்பேர்ப்பட்ட மனிதர், ஊரில் சண்டை முடிந்த அந்த வருஷத்துப் புரட்டாதியில், இலை பார்க்கத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால் கட்டியவளுக்கு எரிச்சல் வருமா, வராதா? கமலாம்பிகைக்கு எரிச்சல் தலைக்கேறி நின்றது.

அவள் கேட்டது ஒன்றும் சந்திரமண்டலம் அல்ல. ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங்குக்கு லோங் வீக்கெண்ட் வருகிறது. மொன்றியலுக்கு அப்பால், கியூபெக் மலைக்காட்டுக்குள், ஒரு குன்றின்மேல் முருகன் இருக்கிறார். ஸ்காபரோச் சனம் கோடையில் பஸ் பிடித்துப் போய்க் காவடி எடுத்துவிட்டு வரும். அவளுக்கு மட்டும் அது வாய்க்கவேயில்லை. அவள் வேலை செய்த பாண் பக்ரறியில் கோடையில்தான் ஓவர்டைம் அதிகம். இந்த முறை லீவும் இருக்கிறது, அந்த மலையெல்லாம் அந்த நேரம் சிவந்து கிடக்கும் என்றும் சொல்கிறார்கள். முருகனையும் பார்க்கலாம், இலையையும் பார்க்கலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வேண்டாம் என்று சொல்ல ஒரு சைவக்காரருக்கு வாய் வருமா? இவருக்கு வந்தது.

உள்ளதைச் சொன்னால், இலை அவளுக்கு ஒரு சாட்டுத்தான். அவள் போக நினைத்தது குகநேசனுக்காக.

குகநேசன் தில்லையம்பலத்தின் ஒரே தம்பி. கமலாம்பிகை கொக்குவிலில் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்கு ஏழு வயது. தாய் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த முதல் கிழமையே அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரியத் தொடங்கினான். கலியாணமாகிப் பதின்மூன்று வருஷம் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊர் அதைப் பற்றிக் கதைக்காத கதையில்லை. ஆனால் அவளுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த, காய்ச்சல் வந்தால் கஞ்சி பருக்க, பொய் சொன்னால் தலையில் குட்ட ஒருவன் இருந்தானே. கனடாவுக்கு வந்த பிறகுதான் ஆரபி பிறந்தாள். முறைப்படி குகன் அவளுக்குச் சித்தப்பா. கமலாம்பிகையோ, "உனக்கு மூத்தவன் ஒருத்தன் அங்கை இருக்கிறான்" என்று சொல்லித்தான் மகளை வளர்த்தாள்.

குகன் மட்டும் வரவில்லை. கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடுத்த வருஷம் வாறன் அண்ணி, அடுத்த வருஷம் வாறன் என்று கடத்திக்கொண்டே இருந்தான். பிறகு சண்டை அவனைக் கடையிலிருந்து கிளப்பிக் கடற்கரை வரைக்கும் துரத்திக்கொண்டு போனது. சித்திரையில் ஒருநாள் யாருடைய போனிலோ வந்து, பயப்படாதையுங்கோ அண்ணி என்று இரண்டு சொல் சொன்னான். அதோடு சரி. கமலாம்பிகை வேலைக்கும் போகாமல், சண்டையை நிறுத்தச் சொல்லி நகர்நடுவில் கொடியும் கையுமாகச் சனத்தோடு சனமாக நின்றாள். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள்.

அதன்பிறகு யாரோ ஒருத்தி, தப்பி வந்த சனத்தை அடைத்துவைத்த முகாமுக்குப் போன பஸ்ஸில் குகனைக் கண்டதாகச் சொல்லிவிட்டாள். கமலாம்பிகை அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை முகாமுக்குள் இருக்கிறான், போன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே ஒரு டொலர்க் காசுக்குற்றியை மஞ்சள் துண்டில் முடிந்து சாமித்தட்டில் வைத்து நேர்ந்தாள். முருகா, உன் மலைக்கே வந்து இதைப் போடுகிறேன், என் பிள்ளையை வெளியே விடு. முடிச்சு அங்கேயே இருந்தது. தில்லையம்பலம் காலையில் விபூதி எடுக்கும்போது அதில் கை படாமல் எடுப்பார்.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் குறுக்கே படுத்தார். முதல் நாள், தூரம் என்றார். அடுத்த நாள், கியூபெக்கில் றோட்டுப் பலகையெல்லாம் பிரெஞ்சில் இருக்கும், வழி தெரியாது என்றார். ஆரபி பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாள், காரையும் அவளே ஓட்டுவாள் என்றதும், அந்தக் காட்டில் கரடி வரும் என்றார். சரி, நீங்களே ஒரு இடத்தைச் சொல்லுங்கோ என்று கேட்டால், அல்கோன்குயின் பார்க் என்கிறார். ஒன்ராறியோவில் இருக்கிற கரடியெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது என்று ஆரபி சிரித்தாள். அது வேறு கரடி என்று அவர் முணுமுணுத்தார்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஒரு புது ஊர் வந்தது. ஒருநாள் ஆயிரம் தீவு. ஒருநாள் ரொபமோரி. ஒருநாள் நயாகரா, லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்த அத்தனை சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் அலுத்த அதே நயாகரா. மரண அறிவித்தலைத் தவிர வேறு எதையும் ஊன்றிப் படித்தறியாத மனிதர், இப்போது ஆரபியின் கொம்பியூட்டருக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எந்தப் பார்க்கில் எவ்வளவு இலை சிவந்துவிட்டது என்று வாசித்தார். கடைசியில், மிட்லண்டில் இருக்கிற வேதக்கோயிலுக்குப் போவோம், அதைச் சுற்றி நல்ல மரங்கள் என்றார். முருகன் வேண்டாம், மாதா பரவாயில்லையாம். கமலாம்பிகை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

பாரி என்ற ஊரில் பாதி விலைக்கு வீடு வந்தபோது, அங்கே கோயில் இல்லை என்று சொல்லியே அதைத் தட்டிக் கழித்தவர் அவர். அதனால்தான் இன்னும் இந்த அடுக்குமாடியில் லிப்ட் பழுதாகும் நாளெல்லாம் அரிசி மூட்டையோடு படியேறிக்கொண்டிருக்கிறார்கள். அதை அவள் மறந்துவிடவில்லை.

"கோயில் இல்லாத ஊரிலை குடியிருக்கக் கூடாது எண்டு எனக்குப் பாடம் எடுத்தனீங்கள்," என்றாள். "இப்ப கோயில் இல்லாத ஊராப் பாத்துப் பாத்துத் தேடுறியள். உங்களுக்கென்ன விசரோ?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆறாமல், அவள் அதே மாடியில் இருந்த பேர்ணடெற்றிடம் போய்க் கொட்டினாள். பேர்ணடெற்றின் புருஷன் அகஸ்ரினும் தில்லையம்பலமும் ஒரே பிளாஸ்ரிக் கொம்பனியில் வேலை. இரண்டு குடும்பமும் உப்பும் சீனியும் மாறிக்கொள்கிற உறவு. இந்த மனிதருக்கு யூன் மாதத்திலிருந்தே ஏதோ பிடித்திருக்கிறது என்றாள் கமலாம்பிகை. அந்த மாதம் முழுக்க வெள்ளிக்கிழமை என்றால் கார் ஸ்ராட் ஆகாது. சனிக்கிழமை குதிரை மாதிரி ஓடும். வெள்ளிக் கோயிலுக்கு அவளும் போகவில்லை, அவரும் போகவில்லை. கொலஸ்ற்றோல் என்று இறைச்சி மீனை விட்டார். முப்பது வருஷமாக வளர்த்த மீசையை, நரைத்துவிட்டது என்று ஒருநாள் வழித்துவிட்டு வந்து நின்றார். அவள் அடையாளம் தெரியாமல் திடுக்கிட்டுப் போனாள். இதில் பெரிய பகிடி, மீன் தொடாத அந்த மாதத்தில்தான் அகஸ்ரினோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். ஒரு மீன்கூட இல்லாமல் வந்து, நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற இந்த மனிதரோடு இனி எப்படிக் காலம் தள்ளுவது?

வழக்கமாக இப்படிப்பட்ட கதைக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற பேர்ணடெற் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தேத்தண்ணீரைத் தேவைக்கு மேலாக ஆற்றிக்கொண்டிருந்தாள். அகஸ்ரின் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார்.

"இந்த வருஷம் விடுங்கோவன் அக்கா," என்றாள் பேர்ணடெற். "அடுத்த வருஷம் எல்லாருமாப் போவம்."

அடுத்த வருஷம் என்ற சொல்லைக் கேட்டாலே கமலாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சொல்லிச் சொல்லித்தானே அவன் அங்கேயே கிடந்து மாட்டுப்பட்டான். அவள் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்து, மலையடியில் ஒரு மோட்டலைப் பதியச் சொல்லி ஆரபியிடம் சொன்னாள். கேட்டு ஆகவேண்டியது இனி எதுவும் இல்லை, சொல்லிவிட்டுப் போவதுதான் பாக்கி.

சொன்னாள். அடுத்த நாளே தில்லையம்பலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டத் தொடங்கினார். கரடியில் தொடங்கிய மனிதர் கடைசியில் முழங்காலில் வந்து நின்றார். கமலாம்பிகை அவருக்குக் கோடாலித் தைலத்தை எடுத்துக் கொடுத்தாள். பரிவினால் அல்ல, பயணத்தை நிறுத்த முடியாது என்று தெரியட்டும் என்பதற்காக.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, மோட்டலில் முழுகி, ஈரம் காயாத தலையை முடிந்து, சீலைக்கு மேலே குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு அவள் காருக்குள் ஏறினாள். மஞ்சள் முடிச்சு கைக்குள் இருந்தது. வழி நெடுகிலும் மலை உண்மையாகவே சிவந்து கிடந்தது. குங்குமத்தைக் கொட்டினதுபோல ஒரு பக்கம், பழுத்த மாம்பழத் தோல் நிறத்தில் ஒரு பக்கம். கமலாம்பிகை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு வந்தாள். வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடின அத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் பார்க்கவில்லையே என்று மனம் பொங்கியது. குகன் வந்தால் முதலில் இங்கேதான் கூட்டிவர வேண்டும். திரும்பிப் பார்த்தால், இலைக்காகத் தவம் கிடந்த மனிதர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது.

கார் நிற்குமிடத்திலிருந்து மரங்களுக்குள்ளால் படிகள் மேலே போயின. மேலே எங்கேயோ மணி அடித்தது. தில்லையம்பலம் காரைவிட்டு இறங்கவில்லை. கால் ஏலாது என்றார். நல்லது, காருக்குக் காவல் இருங்கோ என்று சொல்லிவிட்டு, அர்ச்சனைத் தட்டை எடுத்துவர ஆரபியை அனுப்பினாள். அவள் வரும்வரைக்கும் பொறுக்க மனமில்லாமல் சப்பாத்தைக் கழற்றி, முதல் படியில் ஒரு காலை வைத்தாள்.

பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. தில்லையம்பலம்தான். நொண்டவில்லை. வந்த வேகத்தில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் நடமாடுகிற இடத்தில் அவர் அவளைத் தொட்டது இதுவரை இல்லை.

"ஏறாதை கமலா."

"கால் நோ உங்களுக்கோ, எனக்கோ?"

"நீயும் ஏறக்கூடாது," என்றார். "வருஷம் திரும்பேல்லை."

வீட்டில் ஒரு சாவு விழுந்தால், வருஷம் திரும்பி ஆண்டுத் திவசம் முடியும்வரை அந்த வீட்டார் மலைக்கோயில் ஏறுவதில்லை. அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அது வழக்கம். யாரும் அவளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. யாருடைய சாவு என்று கேட்கவும் தேவையில்லை. அவர் வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒருவன்தான்.

யூன் மாதம் முழுக்கத் திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் ஓடாத கார். சைவச் சாப்பாடு. வழித்த மீசை. அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த பகிடிகள்.

"அகஸ்ரினோடை ஏரிக்குப் போனது?" என்று கேட்டாள்.

"அந்தியேட்டி. ஐயர் அங்கை வந்தவர்."

முப்பத்தோராம் நாள் கிரியை. கூடப் பிறந்தவனுக்குப் பிண்டம் வைத்துக் கரைத்துவிட்டு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறார். வெளியே நின்று அவள், மீன் எங்கே, மீன் எங்கே என்று கதவைத் தட்டியிருக்கிறாள்.

முகாமிலிருந்து ஒரு பெடியன் போன் எடுத்தான் என்றார். குகனோடு கடைசிவரை நின்றவன். தன் கையாலேயே மண்ணுக்குள் தாட்டதாகச் சொன்னானாம். அவர் அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

"நீ காசை முடிஞ்ச அடுத்த நாள் போன் வந்தது. அந்த முடிச்சைப் பாத்துக்கொண்டு என்னெண்டு சொல்லுறது? அடுத்த கிழமை சொல்லுவம், அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு இருந்திட்டன்."

அவளுக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் அவள் உயிரோடு வைத்திருந்த பிள்ளையை ஒரு படிக்கட்டில் வைத்துப் பறித்துவிட்டாரே என்று நெஞ்சு கொதித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். வழித்த மீசையின் இடத்தில் அவருடைய மேலுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. வந்தது வேறு சொல்.

"நான் ஒருத்தி இருக்க, தனியவோ செய்தனீங்கள்?"

அவர் பிடித்த கையை விடாமல் நின்றார். அழுகை அவரிடமிருந்துதான் முதலில் வந்தது.

ஆரபி தட்டோடு வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தேங்காயும் பழமும் தட்டில் உருண்டன. "அம்மா, வாட் ஹப்பன்ட்? மேலை போகேல்லையா?"

கமலாம்பிகை படியில் வைத்த காலை எடுத்தாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.

"காரை எடு பிள்ளை. மோட்டலுக்குப் போவம். நான் முழுகவேணும்."

"காலமைதானே முழுகினீங்கள்."

"அது கோயிலுக்கு முழுகினது" என்று சொல்லிவிட்டு, கமலாம்பிகை முடிந்திருந்த தலைமயிரை அவிழ்த்து விட்டுக்கொண்டு காருக்குள் ஏறினாள்.