வலது கை விழித்த காலை

இரண்டு வருடங்களுக்கு முன், திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது. நான் ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை. கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறார்.

பாரிசவாதம் முதலில் வந்தது அவருக்குத்தான். படகில் கயிறு கட்டிக்கொண்டு நிற்கும்போதே வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. மூளையின் ஆழத்தில் நூல் போன்ற ஒரு சின்ன இரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது என்றார் டொக்டர். நான் லீவு போட்டேன். குளிக்க வார்த்தேன், ஊட்டிவிட்டேன், கையைப் பிடித்துக் கடற்கரையில் நடத்தினேன். சில மாதங்களில் மனிதர் திரும்பப் படகில் ஏறிவிட்டார்.

அடுத்த வருடம் எனக்கு வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் சோக் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், கை வரவில்லை. ஸ்கேனைப் பார்த்த அதே டொக்டருக்கே ஆச்சரியம். அதே பக்கம், அதே மாதிரிச் சின்ன அடைப்பு.

அப்படியென்றால் நானும் அவரைப்போலக் கெதியாகத் தேறிவிடுவேன் என்று நம்பினேன். கால் ஓரளவு நடந்தது. கை மட்டும் மடியில் கிடந்தது. எந்த நேரமும் களைப்பு, காரணமில்லாத அழுகை. இடது கையாலேயே சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன். பார்க்க வந்தவர்கள், “அவருக்கும் இதுதானே வந்தது, எவ்வளவு கெதியா எழும்பி நடந்தவர்!” என்பார்கள். நான்தான் சோம்பேறியோ என்று எனக்கே பட்டது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் பெண்ணிடம் ஒருநாள் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். கணவரும் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“அக்கா, அடைப்பு ஒரே மாதிரி எண்டாலும் ஆக்கள் ஒரே மாதிரித் தேறமாட்டினம். நான் பாக்கிறதில, கனக்கப் பொம்பிளையளுக்கு இந்தக் களைப்பும் மனச்சோர்வும் கூட நாள் நிக்குது. அது உங்கட பிழை இல்லை” என்றாள். பிறகு கேட்டாள்: “ஐயாவுக்கு இந்த வருத்தம் வரேக்க நீங்கள் இருந்தனீங்கள். உங்களுக்கு வீட்டில ஆர் இருக்கினம்?”

நான் இடது கையால் கண்ணைத் துடைத்தேன். கணவர் என் மடியில் கிடந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாளே அவர் லீவு போட்டுவிட்டுக் குசினிக்குள் வந்தார். சோறு குழைந்தது, சொதி திரைந்தது. ஆனால் என்னை அடுப்படிக்கு விடவில்லை. சமையல் முடிந்ததும் பக்கத்தில் இருந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவார்.

ஒருநாள் காலை நான் அவருக்குக் கையெட்டும் தூரத்தில், குசினிக் கதிரையில் இருந்தேன். அவர் சோறு வடித்துவிட்டுத் திரும்பும்போது, நிலத்தில் சிந்தியிருந்த கஞ்சியில் கால் வழுக்கியது. பின்னால் எரிகிற அடுப்பு. ஆனால் அவர் விழவில்லை. ஏதோ ஒன்று அவருடைய சட்டையைப் பிடித்து நிறுத்தியது. அந்தப் பிடியில் அவர் மேசை விளிம்பை எட்டிக்கொண்டார்.

குனிந்து பார்த்தேன். என் வலது கை.

இருவரும் அசையவில்லை. “விடாதையும்” என்றார் அவர் மெதுவாக. “அப்பிடியே பிடிச்சுக்கொண்டிரும்.”

“நான் பிடிக்கேல்லையப்பா. அது தானாப் பிடிச்சது.”

எனக்கு விடவும் தெரியவில்லை. விரல்கள் துணியை இறுக்கி வெளிறிப்போயிருந்தன. அவர் அந்தக் கையைப் பார்த்தபடியே நின்று அழுதார். கல்யாணம் கட்டியதிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை.

அன்று பின்னேரம் திரும்பவும் முயன்றேன். ஒரு விரல்கூட அசையவில்லை. அடுத்தமுறை ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது பயிற்சி தரும் பெண் சிரித்தாள். “மூளை ஒரு வழியைக் கண்டிட்டுது அக்கா. இனி அந்த வழியால திருப்பித் திருப்பிப் போய்ப் பழக்க வேணும்.” பழக்கினோம். அவருக்கு எடுத்ததைவிட எனக்கு மிக அதிக காலம் எடுத்தது. இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறேன். எழுத்து கொஞ்சம் சரிந்தாலும் பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.

மாதக்கணக்காக நான் கெஞ்சியும் அசையாத கை, நான் கேட்காமலே எழுந்து ஒரு மனிதரைத் தாங்கியது. அந்தக் கணத்தில் எனக்குள் இருந்து முடிவெடுத்தது யார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நினைக்கும்போதெல்லாம் இரண்டு கைகளையும் கூப்பத்தான் தோன்றுகிறது.