துக்கம் கேட்டு எழுதிய ஜப்பானியக் கடிதம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த கம்பெனி, ஜப்பானிலிருந்து பழைய தறிகளை வாங்கி வந்து, பழுது பார்த்து, சோமனூர்ப் பக்கத்துத் தறிக்கூடங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. தறியோடு வரும் புத்தகங்கள் முழுக்க ஜப்பானிய எழுத்து. ஃபிட்டர்கள் படத்தைப் பார்த்தே சமாளித்தார்கள். ஒருநாள் முதலாளி ஆபீசுக்குள் வந்து, "யாராச்சும் இந்தப் பாஷையக் கத்துக்கறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்த நான் தலையைத் தூக்கி, "நான் கத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை முறிந்துபோய், வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை போவதற்கு ஓர் இடம் இருந்தால் தேவலை என்று நினைத்திருப்பேன்.

முதலாளி சேர்த்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிய வகுப்பில் இலக்கணம் பயந்த அளவுக்கு இல்லை. நம்மைப்போலவே அவர்களும் வினையைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். மரியாதைக்கு நாம் 'ங்க' போடுவதுபோல அவர்களும் வாலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆறு மாதத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள் வந்துவிட்டன. ஆனால் அவற்றை யாரிடம் பேசுவது? தறியிடமா?

காந்திபுரத்தில் அப்போது பிரவுசிங் சென்டர்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், பலகைத் தடுப்புகளுக்குள் நான்கைந்து கம்ப்யூட்டர்கள். பேனா நண்பர்களைத் தேடித் தரும் ஒரு பக்கத்தில் என்னைப் பற்றி நான்கு வரி எழுதி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. வடக்கே பனி கொட்டும் ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவர் அதே ஊர் ரயில் நிலையத்தில். "நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். நீங்கள் ஜப்பானிய மொழியில் எழுதுங்கள். ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவோம். தயவுசெய்து இரக்கம் காட்ட வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர்களில் ஜப்பானிய எழுத்து வராது. கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறிகளாகவும் சிதறிக் கிடக்கும். அதனால் ஜப்பானிய மொழியை ஆங்கில எழுத்திலேயே எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் போவேன். பாதியில் இணைப்பு அறுந்துவிடும். "ஏனுங்கக்கா, லைன் போயிருச்சுங்க, செத்த இருங்க" என்பார் சென்டர்காரர். மோடம் மறுபடி கீச்சிட்டுக் கத்தி முடிக்கும்வரை எழுத வேண்டிய அடுத்த வாக்கியத்தை மனதுக்குள் கோத்துக்கொண்டிருப்பேன்.

சொன்னபடி அவர் இரக்கம் காட்டவில்லை. பத்து வரி எழுதினால் பதினைந்து திருத்தம் வரும். நானும் விடவில்லை. முந்நூறு பிள்ளைகளுக்கு முள்ளங்கி நறுக்குவது, காலையில் கதவைத் திறக்க முடியாதபடி பனி மூடியிருப்பது, மார்ச் மாதம் ஓய்வு பெறப்போகும் கணவர் ஒரு காய்கறித் தோட்டம் போடத் திட்டமிடுவது எல்லாம் எனக்குத் தெரிந்தது இப்படித் திருத்தித் திருத்தித்தான். ஒரு வருடம் ஓடியது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வந்த மடல் மிகவும் சின்னதாக இருந்தது. 'என் கணவர் தன் நீண்ட வேலையை முடித்துவிட்டார். இப்போது அமைதியாக ஓய்வெடுக்கிறார். வீடு மிகவும் நிசப்தமாக இருக்கிறது' என்று மூன்று வரி ஆங்கிலம். மார்ச் என்றாரே, ஒரு மாதம் முன்னாலேயே விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூன்று வரியில் திருத்துவதற்கு எதுவுமே இல்லை. அதைப் பாராட்டிவிட்டு, ஜப்பானிய மொழியில் எழுதினேன்: "வாழ்த்துகள். இத்தனை வருடம் உழைத்தவர், நன்றாக ஓய்வெடுக்கட்டும். இனி நீங்கள் இருவரும் சேர்ந்து தோட்டம் போடலாம்."

மூன்று சனிக்கிழமை பதில் இல்லை. நான்காவது சனிக்கிழமை வந்தது. 'இந்த முறை உங்கள் ஜப்பானிய மொழியில் ஒரு பிழையும் இல்லை' என்று ஆரம்பித்திருந்தார். அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வரி: 'பிழை என் ஆங்கிலத்தில்தான். என் கணவர் இறந்துவிட்டார். அதற்கு அகராதியில் இருந்த சொல் கட்டை மாதிரி இருந்தது. அதை அவருக்குப் போட மனம் வரவில்லை. உங்களைக் குழப்பியதற்கு மன்னிக்கவும்.'

திரையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை, நான் எழுதியதைப் படித்தபோது அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்பதே திரும்பத் திரும்ப ஓடியது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதுதான் இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "என்ன அம்மணி, மூஞ்சியே செரியில்ல?"

சொன்னேன். அம்மாவுக்கு ஈமெயில் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. ஆனால் நடந்தது புரிந்தது. "தெரியாமச் சொல்லிப்போட்டே. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. துக்கம் கேட்டயா?"

"மன்னிச்சுக்கங்கன்னு எழுதணும்."

"அது உன்ற சமாதானத்துக்கு. துக்கம் கேக்கறது வேற. நேர்ல போயிருந்தா என்ன கேப்பே? எப்படி ஆச்சு, என்ன சாப்பிட்டாரு, கடைசியா என்ன சொன்னாருன்னு கேப்பீல்ல? அதைக் கேளு. பொட்டியில தட்டாத. கைல எழுதிப் போடு."

நான் தயங்கினேன். மூன்று வருடம் முன்பு அப்பா இறந்தபோது வாரக்கணக்காக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் அம்மா முதலிலிருந்து சொல்லி அழுவாள். ஆறுகிற புண்ணைக் கீறிவிட்டுப் போகிறார்களே என்று நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை இப்போது அம்மாவிடம் சொன்னேன்.

"கீறலைடி. சொல்லிச் சொல்லித்தான் எனக்கே அது நடந்துச்சுன்னு தெரிஞ்சுது" என்றாள்.

அவர் முன்பே தன் முகவரியைக் கொடுத்திருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு, முதல்முறையாக ஜப்பானிய எழுத்திலேயே எழுதினேன். சின்னப் பிள்ளை எழுதியதுபோல எழுத்து கோணிக்கொண்டு போனது. நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன். அவர்கள் ஊரில் இப்படிக் கேட்கலாமா கூடாதா என்று தெரியாது என்பதையும் எழுதினேன். 'எங்கள் ஊரில் கேட்பார்கள். என் அம்மா கேட்கச் சொன்னார். அன்றைக்கு என்ன நடந்தது?'

ஒரு மாதம் கழித்துத் தடிமனான ஓர் உறை வந்தது. ஆறு பக்கம், எல்லாம் கையெழுத்து. எனக்குப் பாதி எழுத்து பிடிபடவில்லை. தினமும் வேலை விட்டு வந்ததும் அரைப் பக்கம் படிப்பேன். அம்மா எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, "மேல என்ன?" என்பாள்.

அன்று விடியற்காலையிலிருந்து பனி. கணவர் ரயில் நிலையத்து நடைமேடையில் பனியை வாரிவிட்டு, மதியம் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். நனைந்த கையுறையை அடுப்புக்குமேல் காயப் போட்டிருக்கிறார். சோறும் மீனும் சாப்பிட்டுவிட்டு, டீ கொஞ்சம் சூடாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் டீயோடு திரும்பும்போது கணவர் மேசையில் தலை சாய்த்திருந்தார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து, முதுகில் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் எதிரில் உட்கார்ந்து தன் டீயைக் குடித்து முடித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் எழுப்பியிருக்கிறார். 'அவர் ஓய்வெடுக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த டீயை நான் குடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் குனிந்து வணங்கினார்கள். யாரும் கேட்கவில்லை' என்று முடித்திருந்தார்.

நான் படித்துச் சொல்லி முடித்ததும் அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டாள். "போர்த்தி உட்டாளா?" என்றாள்.

"ம்."

"பக்கத்துலயே உக்காந்திருந்தாளா?"

"எதிர்ல."

"அப்பறம் என்ன? தனியாப் போகலியே மனுசன். டீ குடிச்சது தப்பில்லைன்னு அவகிட்டச் சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லு."

அப்படியே எழுதினேன். எங்கம்மா சொன்னதாகவே எழுதினேன். அவர் பதிலில், 'உங்கள் அம்மாவின் வாக்கியத்தைப் பல முறை படித்தேன்' என்று இருந்தது. அதன்கீழே ஒரு வரி: 'உங்கள் அப்பாவுக்கு என்ன ஆயிற்று?'

என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லோரும் அம்மாவிடம்தான் கேட்டார்கள், ஏனென்றால் கூட இருந்தவள் அவள். அப்பாவும் அம்மாவும் கொடுமுடிக்குச் சாமி கும்பிடப் போனார்கள். அப்பா காவிரியில் குளித்துவிட்டுப் படியேறும்போது சாய்ந்துவிட்டார். நான் ஆபீசில் இருந்தேன். கூடப் போயிருந்த சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து, "அம்மணி, அப்பா தவறிட்டாருங்க" என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியாதா? எத்தனை சாவுக்குக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான், "கூட்டத்துலயா? நல்லாத் தேடிப் பாத்தீங்களா? மைக்குல கூப்புடச் சொல்லுங்க, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன். நான் மறுபடியும், "நீல சட்டை போட்டிருப்பாரு" என்றேன்.

அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அதை அவருக்கு எழுத உட்கார்ந்தபோது, தவறுதல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை எப்படி விளக்குவது என்று யோசித்து அகராதியைப் புரட்டினேன். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்கள் மொழியிலும் ஒரு சொல் இருக்கிறது: 'நகுநாரு'. சாவி தொலைந்தாலும் அதுதான், மனிதர் போய்விட்டாலும் அதுதான். காதுக்கு ஒன்றே, எழுதும்போது மட்டும் எழுத்து வேறு.

இரண்டு எழுத்தையும் தனித்தாளில் பலமுறை எழுதிப் பழகினேன். பிறகு நல்ல தாளை எடுத்து, சொந்தக்காரர் சொன்னதற்கு ஒன்றையும், நான் புரிந்துகொண்டதற்கு மற்றதையும் போட்டு எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, சமையலறையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, முதலிலிருந்து தமிழில் படித்துக் காட்டினேன்.